துரை எழுதியதும் ரைட்டர் படித்ததும்

ஆயுத பூஜையன்று கரண்டிக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம் வைக்கிற சமையற்காரர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவற்றோடு ஓர் இங்கிலீஷ் கடிதத்தையும் சேர்த்து வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறவன் எங்கள் நல்லேப்பிள்ளி ஊரில் நான் ஒருவன்தான். எட்டாய் மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் கஞ்சி தடவித் துணி ஒட்டிய கடிதம். அதன் ஓரத்து மஞ்சள் கறை, ஒன்பது வருஷம் என் இடுப்பில் கிடந்ததால் ஏறிய வேர்வை. தமிழ் எனக்கு எழுதப் படிக்க வரும். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அந்தக் கடிதம் மனப்பாடம். அதுவும் இரண்டு விதமாக மனப்பாடம். துரை எழுதியது ஒன்று, ரைட்டர் எனக்குப் படித்துச் சொன்னது இன்னொன்று.

ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தி நான் ரங்கூனுக்குக் கப்பலேறினேன். ஒரு மரக் கம்பெனித் துரையின் பங்களாவில் சமையற்காரனாகச் சேர்ந்து ஆறு வருஷம் இருந்தேன். துரை அதிகம் பேசமாட்டார். சாப்பாடு பிடித்திருந்தால் குசினி வாசல் வரை வந்து, தலையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். அதுதான் அவருடைய பாராட்டு. ஒரு தடவை வெள்ளி ஸ்பூன் ஒன்று காணாமல் போய், பங்களாவே கிடுகிடுத்தது. எச்சில் தண்ணீரோடு போயிருக்கும் என்று எனக்குப் பட்டது. பின்பக்கச் சாக்கடையில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கித் துழாவி எடுத்து, கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை ஸ்பூனைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தம் ஒழுகிய என் காலைப் பார்த்தார். அந்த வருஷமே லீவு கொடுத்தார். ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, நாற்பது நாள் பெண்டாட்டியோடு இருந்துவிட்டுத் திரும்பினேன். பங்களாவில் எனக்கு ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற இடம்தான் உண்டு. குடும்பத்தோடு தங்க ஓர் அறை கிடைக்கிற வேலையாகப் பிடித்து, எப்படியாவது அவளை ரங்கூனுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

ரங்கூனில் எத்தனை காலம் இருந்தாலும் நாம் வெளியூர்க்காரர்தான். கடைவீதியில் பர்மாக்காரர்கள் நம்மைக் ‘கலா’ என்பார்கள். அவர்கள் மீனைப் புளிக்கவைத்து அரைக்கிற ஙாப்பி வாசத்துக்கு நாம் மூக்கைப் பொத்துவோம். நாம் நல்லெண்ணெயில் தாளித்தால் அவர்கள் பொத்துவார்கள். சுருட்டுப் பிடித்தபடி கீரை விற்கிற அம்மாளிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசுவேன், ஹிந்துஸ்தானியில் பாதி, சிரிப்பில் பாதி. மழை பிடித்தால் மாதக்கணக்கில் துணி காயாது. டிராம் வண்டியில் போகும்போது யாராவது “ஏனுங்க” என்று கூப்பிட்டுவிட்டால் போதும், நெஞ்சு குளிர்ந்துபோய்விடும். அப்படி ஒரு ‘ஏனப்பா’வில்தான் ரைட்டர் எனக்குக் கிடைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். அரிசி மில்லில் ரைட்டர் உத்தியோகம். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மரவீட்டின் மாடியில் ஊர்க்காரர்கள் பதினாலு பேரைச் சேர்த்து மெஸ் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வு. நேரே அங்கே போய் அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் வைத்துப் போடுவேன். “அப்புனு, உன்ற கையி பட்டாத்தான் நாக்குக்கு உசுரே வருது” என்பார். எனக்கு உச்சி குளிரும். ஸ்பூன் கதையை, கொஞ்சம் ஜம்பத்தோடுதான், அவரிடம் சொன்னேன். பெண்டாட்டியைக் கூட்டி வருகிற ஆசையையும் அவரிடம்தான் சொன்னேன். அண்ணன் என்று நினைத்த மனிதரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் துரை ஒரேயடியாகச் சீமைக்குக் கிளம்பினார். கப்பலுக்கு முதல் நாள் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். “எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, தொலைத்துவிடாதே” என்று ஹிந்துஸ்தானியில் சொல்லி, தோளில் கை வைத்தார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டு வேலைக்காரனுக்கு அந்த மாதிரிக் கடிதம்தான் சொத்து. அடுத்த துரையிடம் அதை நீட்டினால்தான் வேலை. ஆனால் சமையற்காரர்களுக்குள் ஒரு பயக்கதையும் உண்டு. சிரித்த முகத்தோடு துரை கொடுத்த கடிதத்தைத் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு திரிந்தானாம் ஒருவன். கடைசியில் பார்த்தால் ‘இவனை உதைத்து அனுப்பவும்’ என்று எழுதியிருந்ததாம். அதனால் படிக்கக் கேட்காமல் யாரும் கடிதத்தை நீட்டமாட்டார்கள். நானும் அன்று சாயந்திரமே மெஸ்ஸுக்கு ஓடினேன். அந்த மாதம்தான் மெஸ் சமையற்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான். பதினாலு பேரும் கடைச் சோறு தின்று முகம் செத்துக் கிடந்தார்கள். அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ரைட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “அப்புனு, வெசனப்படாமக் கேளு” என்று சொல்லிவிட்டு, வரிவரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். ‘இவன் கை சுத்தமில்லாதவன். என் வீட்டில் வெள்ளி ஸ்பூன் திருடி, பிடிபடுவோம் என்று பயந்து திருப்பித் தந்தவன். இவனைச் சேர்க்கிறவர் ஜாக்கிரதையாக இருக்கவும்.’ ஸ்பூன் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நம்பிவிட்டேன். ஸ்பூன் விஷயம் துரைக்குத் தெரியும், கடிதத்தில் இருக்கிறது, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அதே கதையை ரைட்டருக்கு நானே சொல்லியிருந்தது மூளைக்கு எட்டவில்லை. “இதை ஆருகிட்டயும் காட்டீராத. போலீசுல உட்ருவாங்க. அடுப்புல போட்டுட்டு இங்கயே கெட. நான் உசுரோட இருக்கற வரைக்கும் வெளிய மூச்சு உடமாட்டேன்” என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன்.

மறுநாள் துரையைக் கப்பலேற்ற மாலை வாங்கி வைத்திருந்தேன். போகவில்லை, மாலையைச் சாக்கடையில் எறிந்தேன். சில நாள் கழித்துப் பங்களாக் காவல்காரன் கடைவீதியில் என்னைப் பிடித்து, “கப்பல் கிளம்புகிற வரைக்கும் துரை உன்னைத்தானே தேடினார், எங்கே போனாய்?” என்று கேட்டான். “எதுக்குத் தேடுனாராம், கையில வெலங்கு மாட்டவா?” என்று சொல்லிக் காறித் துப்பிவிட்டு நடந்தேன். அந்த எச்சிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பது வருஷம் அந்த மெஸ்ஸில் அடுப்பூதினேன். கடிதத்தை அடுப்பில் போட மட்டும் மனம் வரவில்லை. என் பேர் எழுதின காகிதம் என்று உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பெட்டியில் வைத்தால் யாராவது படித்துவிடுவார்களே என்று மெழுகுத்துணியில் சுற்றி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். திருட்டுப் பட்டம் வாங்கினவன் என்ற நினைப்பு என் எலும்பு வரை இறங்கியிருந்தது. சமையற்கட்டை விட்டு வெளியே வரும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, தோள் துண்டை உதறிக் காட்டுவேன். கையை விரித்துக் காட்டுவேன். “உன்னைய ஆரப்பா கேட்டது?” என்று ரைட்டர் சிரிப்பார். சிரித்தாரே மகராசன், அதைத்தான் சொல்கிறேன். இடையில் இரண்டு தடவை ஊருக்கு வந்தேன், தடவைக்கு ஒரு மாதம். இரண்டு தடவையும் வண்டியேறுகிற அன்றைக்குப் பெண்டாட்டி, “என்னையும் கூட்டீட்டுப் போங்க, ஒரு மூலையில இருந்துக்கறேன்” என்றாள். பதினாலு ஆம்பிளைகள் படுக்கிற மாடியில் எந்த மூலையைக் காட்டுவது? காரணத்தைச் சொல்லவும் வாயில்லை. உனக்கு அங்கே தண்ணி ஒத்துக்காது என்று ஏதோ உளறிவிட்டுப் போனேன்.

பத்தாவது வருஷ மழையில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் போட்டார்கள். துணியை மாற்றும்போது மெழுகுத்துணிப் பொட்டலம் நர்ஸம்மாள் கையில் சிக்கிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். கண் திறந்தபோது அவள் கட்டிலருகே கடிதத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் உயிர் போய்விட்டது. “அம்மா, போலீசுக்கு மட்டும் சொல்லீராதீங்க” என்று கையெடுத்தேன். “எதுக்குப் போலீசு? இம்புட்டு நல்ல லெட்டர இடுப்புல வச்சிக்கிட்டா அண்ணாச்சி இப்படிக் கெடக்கிய?” என்று அவள் அதைத் தமிழில் சொன்னாள். ‘இதைக் கொண்டுவருபவன் ஆறு வருஷம் என் வீட்டில் சமைத்தான். அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு ஸ்பூன் காணாமல் போனது. சாக்கடையில் இறங்கிக் காலைக் கிழித்துக்கொண்டு அதை எடுத்து வந்தவன் இவனே. இவனைவிட நேர்மையானவனை நான் அறியேன். இவன் மனைவி ஊரில் இருக்கிறாள். குடும்பத்தோடு தங்க இவனுக்கு ஓர் அறை கொடுக்க வேண்டும். என் நண்பர் திங்கட்கிழமை காலை இவனை எதிர்பார்க்கிறார்.’ கீழே அந்த நண்பரின் பங்களா விலாசம் இருந்தது.

கேளுங்கள் கூத்தை, நான் நம்பவில்லை! சாகக் கிடக்கிறவனுக்கு ஆறுதலாக அந்தப் புண்ணியவதி பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும், தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிற ஒரு கிழவரிடம் நீட்டினேன். அவரும் அதையே சொன்னார். மருந்துக் கடைக் குமாஸ்தாவிடம் நீட்டினேன். அவரும் அதையே சொன்னார். பிறகு அந்த விலாசத்துக்கு நடந்தே போனேன். நண்பர் துரை ஊரை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துப் பின்னால் வேலைக்காரர் அறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. தோட்டக்காரன் வந்து விரட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் நான்தான் சமைத்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ரைட்டர் பக்கத்தில் கடிதத்தை வைத்து, “அண்ணா, இதுல என்ன போட்டிருக்குதுன்னு இன்னொருக்காச் சொல்லுங்க. மறந்து போச்சுங்க” என்றேன்.

“இதை நீ அடுப்புல போடுலியா?”

“மனசு வருலீங்க.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கண்ணாடி மாட்டவில்லை. ‘இவன் கை சுத்தமில்லாதவன்’ என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல், ஸ்பூன், பிடிபடுகிற பயம், ஜாக்கிரதை, எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தார். எனக்கு எப்படி மனப்பாடமோ அப்படியே அவருக்கும் மனப்பாடம். முடிகிற வரைக்கும் நின்று கேட்டேன். “மூணு பேருகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானுங்க வந்தேன்” என்றேன்.

ரைட்டர் கடிதத்தை மடித்தார். பிறகு, “நீ அங்க போயிருந்தீன்னா நாங்க இத்தன பேரு என்னத்தத் திங்கறது? பொளப்புக்கு வந்த எடத்துல ஊட்டுச் சோறாட்ட ஒரு வாய். அதுக்குத்தானப்பா. உன்னைய நான் என்ன கொறையா வெச்சேன்?” என்றார். குரலில் வெட்கம் இல்லை. கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது. நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒரு தலையும் நிமிரவில்லை. அட பாவிகளா, அத்தனை பேருக்கும் தெரியும்! என் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தவர், என் பெண்டாட்டிக்குச் சேலை வாங்கிக் கொடுத்தனுப்பியவர், எல்லோருக்கும் தெரியும். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் சோற்றில் குழி பண்ணி ரசத்துக்குக் காத்திருந்தார். நான் ஊற்றினேன். கை அதுவாகப் போய் ஊற்றிவிட்டது. ரைட்டர் செய்ததைவிட, நான் ஊற்றிய அந்த ஒரு கரண்டி ரசம்தான் இன்றும் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த வாரமே கப்பலேறினேன்.

இப்போது சித்தூர் ரோட்டில் நானும் பெண்டாட்டியும் ஒரு சோற்றுக்கடை வைத்திருக்கிறோம். வண்டிக்காரர்கள் வருகிறார்கள், சாப்பாடு நன்றாக ஓடுகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வயது போனபின் சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போவதில் அதிசயம் என்ன என்று டாக்டர் சொன்னார். ரைட்டர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். பேரன் பேத்திகளோடு தேருக்கு வருகிறார், எல்லோரும் எழுந்து கும்பிடுகிறார்கள். என் கடைப் பக்கம் மட்டும் வருவதில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சோறு போட்டுவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. அவள் கரண்டியையும் அரிவாள்மணையையும் கழுவி அடுக்கி, நடுவில் கடிதத்தை வைத்தாள். பொங்கலை இறக்கிவிட்டுச் சமையற்கட்டிலிருந்து வந்த நான், வழக்கம்போலத் துண்டை உதறிக் கையை விரித்தேன். “இன்னும் ஆருக்குங்க காட்டறீங்க? இங்க நான் மட்டுந்தான இருக்கறேன்” என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வருஷா வருஷம் கேட்கிற மாதிரி, “அந்தத் துரை எழுதுனதச் சொல்லுங்க” என்றாள். கடிதத்தை எடுத்து விரித்துப் பிடித்தேன். ‘இவன் கை’ என்று வாய் தொடங்கிவிட்டது. எப்போதும் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. நிறுத்திவிட்டு, துரை எழுதியதை முதலிலிருந்து சொன்னேன். ஆறு வருஷம், ஸ்பூன், சாக்கடை, நேர்மை. குடும்பத்தோடு தங்க ஓர் அறை என்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“ஏனுங்க, அந்த ரூமுக்குச் சன்னல் இருந்திருக்குமுங்களா?”

அந்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. அவற்றுக்குச் சன்னல் கிடையாது.

“இருந்துச்சு. தோட்டத்தப் பாத்தாப்பல” என்றேன்.