நாக்கு வரைந்த அலை

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு, மூளை அலைப் பதிவில் கலக்கும் குப்பையை நீக்கும் ப்ரோகிராம் எழுதினேன். கண் சிமிட்டினாலே அலையில் பெரிய மேடு விழும், அதை நீக்கிவிட்டேன். திங்கட்கிழமை சுத்தமான பதிவைக் காட்டினால்தான் சார் கையெழுத்துப் போடுவார்.

செங்கம் ரோட்டு டீக்கடை அண்ணன் தலையில் ஒயர்களை ஒட்டி, கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். பதிவில் மெதுவாக, சீராக ஓர் அலை ஓடியது.

"தியானம்டா இது," என்றான் கூட வந்த நண்பன். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் அண்ணனிடம் கேட்டேன்: "உள்ள என்னண்ணே பண்ணீங்க?"

"சும்மா எப்படி உக்கார்றது தம்பி? வாய்க்குள்ளயே சாமி பேர சொல்லிக்கினு இருந்தேன்."

அசைந்தது நாக்கு. அதுதான் பதிவில் அலையாக விழுந்திருக்கிறது. நாக்கை மட்டும் அசைக்கச் சொல்லி மறுபடி பதிவு செய்தேன். அந்த வடிவத்தை வைத்து முதல் பதிவிலிருந்து நாக்கின் அலையைப் பிரித்தேன். கண் மூடிய எவருக்கும் வரும் சின்ன அலைதான் மிஞ்சியது. எனக்கு அதுவே போதும்.

அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "ரொம்ப கம்மியா இருக்கே. சாமி பேரையும் எடுத்துட்டியா?"

"அது தனியா இருக்குண்ணே," என்று காட்டினேன்.

"அப்ப அத எனக்கு பிரிண்ட் போட்டுக் குடு."

திங்கட்கிழமை கையெழுத்து கிடைத்தது. நான் நீக்கிய குப்பை, டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.