மகளிர் அணி பேனரில் ஒரு மீசை

இன்று விசிட்டிங் கார்டு அடிக்க முதலியார்பேட்டை பிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கட்சி பேனர் தயாராகிக்கொண்டிருந்தது. ‘புதிய மகளிர் அணித் தலைவிக்கு வாழ்த்துகள்’ என்ற எழுத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கு ஒரு மீசைக்காரர். ஓரத்தில் ஸ்டாம்ப் அளவில் தலைவி.

மீசைக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலைவியின் கணவராம்.

அந்த நேரம் பார்த்துத் தலைவியே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தார்.

“அண்ணே, இவரு படத்த எடுத்துட்டு என் படத்த பெருசா வைங்க.”

“என்ன வச்சிதானே உன்ன ஊருக்குத் தெரியும்?” என்றார் கணவர்.

“அப்போ நீங்களே மகளிர் அணில சேந்துக்கோங்க!”

நான் கைதட்டியே விட்டேன். இன்னும் உள்ளங்கை எரிகிறது!

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீசையை டெலிட் செய்தார்.

உங்கள் தொகுதி மகளிர் அணி பேனரில் எத்தனை மீசை? எண்ணிச் சொல்லுங்கள்.