கதவு வைக்காத குளியலறை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாமியாடுகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நீங்களும் நம்பப் போவதில்லை, முகத்திலேயே தெரிகிறது, நம்ப வேண்டாம், ஆனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம், ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறது என்று, அங்கங்கே இருந்த லயத்து வீடுகளைக் காலி செய்து எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்துச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். மூலைக்கொரு காவல் கோபுரம் கட்டத் தெரிந்த துரைக்குப் பொம்பளைகள் குளிக்க ஒரு மறைப்புக் கட்டத் தெரியவில்லை. நடுவில் ஒரு குழாய், மேலே துப்பாக்கியோடு ஒருவன், அவன் கண் எங்கே இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்போம். எனக்கு ஜோடி பக்கத்து வீட்டு அஞ்சலை.

ஒருநாள் குழாயடியில் அவள் என் வாளியைத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்தாள். இதுதான் சண்டை, வேறொன்றும் இல்லை. சாயங்காலம் வந்து, "அக்கா, கொஞ்சம் புடிக்கா" என்றாள்.

"ஒன் வாளியவே வந்து புடிக்கச் சொல்லுடி" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அவள் கம்பியிலிருந்த சந்து வழியாக ஆற்றுக்குப் போய்க் குளித்திருக்கிறாள். திரும்பி வரும்போது சுட்டுவிட்டார்கள். காட்டுக்கு அரிசி கொண்டுபோனாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவள் மூட்டையில் இருந்தது ஈரச் சேலையும் ஒரு துண்டு சவுக்காரமும்தான், நானே பார்த்தேன். அந்தப் பாவிகள் மேல் வந்த கோபம் பாதி, என் மேல் வந்தது மீதி, இன்றைக்கும் இரண்டும் தணியவில்லை.

"வீட்டுக்குப் பின்னால ஒரு குளியலறை கட்டு, இல்லன்னா ஒனக்குச் சோறு கெடையாது" என்று என் புருஷன் மாரிமுத்துவிடம் சொன்னேன். அவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கேட்டார். "ஒனக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பானுங்க" என்று அந்த ஆள் பத்து நாள் இழுத்தடித்து, கடைசியில் இடிந்த புகைக்கூண்டின் செங்கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலை முடித்து வந்து ஒரு நாளைக்கு ஒரு வரிசை வைத்தோம். சிமெண்டு மூட்டை வந்தபோது உள்ளே அரிசி இருக்கும் என்று கேட்டிலேயே இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, மழையில் போட்டுவிட்டார்கள். பாதி கல்லாய்ப் போயிற்று. எப்படியோ சுவர் தலை உயரத்துக்கு வந்து தரையும் பூசியாயிற்று. கூரைக்குத் தகரம் மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போனது. கூரையில்லாவிட்டால் கோபுரத்துக்காரனுக்கு எல்லாமே தெரியும், அப்புறம் எதற்குக் குளியலறை?

ஒருநாள் பாலை எடை போட்டுவிட்டு வந்த அசதியில், பார்த்தால் பார்த்துத் தொலையட்டும் என்று பட்டப்பகலில் உள்ளே போய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். திடீரென்று நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சுவருக்கு மேலே, கோபுரம் இருக்கும் பக்கமாக, ஒரு சேலை விரிந்து நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. எதிர்வீட்டுப் பாப்பாத்தி போலிருக்கிறது, நல்ல மனசு என்று நிம்மதியாகக் குளித்தேன். துடைத்துக்கொள்ளும்போதுதான் அந்த இடது கட்டைவிரலைக் கவனித்தேன். பால்கத்தி வெட்டி நகமே இல்லாத விரல். அஞ்சலைக்கு அதில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டவளே நான்தான்.

வெளியே ஓடி வந்தால் ஒருவரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் மனப்பிரமை என்றே நானும் விட்டிருப்பேன். ஆனால் கோபுரத்திலிருந்தவன் இறங்கி வந்துவிட்டான். "மானா சத்து ஓராங் லாகி?" என்று கத்தினான், இன்னொருத்தி எங்கே என்று. அவளுடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது!

எனக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. யாருக்குப் பிடிக்க மாட்டேன் என்று நான் சொன்னேனோ, அவளே எனக்கு வந்து பிடித்துவிட்டுப் போகிறாளே.

தகரம் ஒருவழியாக வந்தது, மாரிமுத்து அன்றைக்கே கூரையை அடித்தார். கதவு மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சேலை ஒன்றை வாசலில் விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குளிடி அஞ்சலை, நான் இருக்கேன்" என்றேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு குவளை, இன்னொரு குவளை, அவசரமே இல்லாத குளியல். எனக்குக் கை கடுத்தது, அசையவில்லை.

அப்போது ஊரடங்குச் சங்கு ஊதினார்கள். கோபுரத்துக்காரன் விசில் அடித்தான், துப்பாக்கியைத் தூக்கினான்.

"உள்ள வாடி, சுட்டுருவான்!" என்று மாரிமுத்து என் தோளைப் பிடித்து இழுத்தார். சேலை கையிலிருந்து நழுவியது. உள்ளே சத்தம் சட்டென்று நின்றது.

காலையில் போய்ப் பார்த்தேன். பீப்பாயில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, சிமெண்டுத் தரையில் ஈரத்தின் சுவடே இல்லை. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் யோசிப்பதும் இல்லை. குளிக்கிறவள் "போதும்" என்று சொன்ன பிறகுதான் பிடிக்கிறவள் சேலையை இறக்க வேண்டும், அதுதான் எங்களுக்குள் வழக்கம். அவள் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் நான்தான் விட்டுவிட்டேன்.