காவிப் பட்டை அடித்த மிளகாய்த் தொட்டி

மூன்று மண் தொட்டிகளுக்கு நேற்று சாயங்காலம் கோயில் மதில் மாதிரி காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, காயட்டும் என்று வாசலுக்கு வெளியே வைத்திருந்தேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. இன்று பௌர்ணமி. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், நடுத் தொட்டிக்குத் திருநீறு பூசியிருக்கிறது. விளிம்பில் கற்பூரம் எரிகிறது. எனாமல் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை.

அணைக்கலாம் என்று சொம்பைத் தூக்கினேன். வெறுங்காலோடு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எரியற கற்பூரத்த அணைக்கக் கூடாதும்மா."

"இது மிளகாச் செடிங்க. பட்டை நான்தான் அடிச்சேன்."

"யாரு அடிச்சா இன்னா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது. கீழ் இலை ஒன்று சுருண்டது. அந்த அம்மா பிடியை விடவில்லை.

கற்பூரம் தானாகவே அணைந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

இப்போது மூன்று தொட்டிக்கும் பூ வைத்தாகிவிட்டது. மதியச் சமையலுக்கு எனக்கு இரண்டு மிளகாய் வேண்டும். யாரிடம் கேட்டுப் பறிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.