முதல் வரியில் என் பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் எங்கள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அதற்கென்றே புரோகிராம் எழுதி, பிளாப்பி டிஸ்கில் காசு வாங்காமல் சும்மாவே கொடுத்தார். "யாரு கேட்டாலும் குடுங்க தம்பி" என்றார்.

கொடுத்தேன். ஆனால் புரோகிராமின் முதல் வரியில், எழுதியவர் என்றிருந்த அவர் பெயரை அழித்து, என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். மற்ற மில்காரர்கள் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

கொஞ்ச நாளில் அவர்களே தேடி வந்தார்கள். நீளமான பட்டியல் அடித்தால் கடைசி வரி விழவில்லையாம். எனக்கோ அந்தப் புரோகிராமில் ஒன்றும் புரியாது. பதற்றத்தில் பெயரை மாற்றியதை மறந்து, அதே பிளாப்பியோடு அவரிடமே ஓடினேன்.

திரையில் முதல் வரியைப் பார்த்தார். பிழையைச் சரிசெய்தார். பிறகுதான் சொன்னார்: "பேரு பெருமைக்கு இல்ல தம்பி. கோளாறு வந்தா யார்ட்ட போகணும்னு தெரியணும்லா? பாவம், அம்புட்டு பேரும் வீணா அலைஞ்சிருக்காவ."

மில்லுக்கு வந்து புரோகிராமைத் திறந்து பார்த்தேன். என் பெயரை அவர் அழிக்கவில்லை. அதன் கீழே, 'பிழை திருத்தியவர்' என்று தன் பெயரைச் சேர்த்திருந்தார். தானே எழுதிய புரோகிராமில்.

முதல் வரியில் அவர் பெயரைத் திரும்பப் போட்டு, எல்லா மில்லுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வரியில் பெயர் ஏன் மாறியது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.