தொடக்கூடாத சைக்கிள்

பஞ்சர் ஒட்டுவது ஒரு குற்றமா? ஏழு வருடமாகக் கேட்கிறேன். ஒருத்தனும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் எனக்குச் சைக்கிள் கடை. படித்தது ஐந்தாம் வகுப்பு. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் செபாஸ்டினின் மகள் ஜெர்லின் என் வாடிக்கை. கடலில் நாலு கிலோமீட்டர் நீந்தி, கரையேறி நூற்றியெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிற போட்டிக்காரி அவள். எல்லாம் ஒரே நாளில். முதலில் கேட்டபோது, எந்தக் கோயிலுக்கு இந்த நேர்ச்சை என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிரேக் கட்டையை மாற்றச் சொன்னாள்.

விடியற்காலையில் அப்பாவின் வள்ளத்துக்குப் பின்னால் நீந்துவாள். பிறகு தெற்கே கடலோரத்து ஊரான ஆலந்தலை வரை சைக்கிள் மிதித்துத் திரும்புவாள். வெயில் ஏறியதும் உப்பளத்து வரப்பில் ஓட்டம். உப்பு வாருகிற பெண்கள், "ஏளா, யாரு வெரட்டுதா?" என்று கேட்பார்களாம்.

முதல் பெரிய போட்டி சென்னைக்குத் தெற்கே நடந்தது. ஜெயித்தால் தொழில்முறைப் போட்டிக்காரி என்று அட்டை கிடைக்கும். அப்புறம் அதுவே பிழைப்பு. சைக்கிள் ஏற்றிய வேனில் நானும் போனேன். முதல் ஆளாக வந்தவள் என் கண்ணெதிரே டயர் இறங்கி நின்றாள். கை சும்மா இருக்குமா? ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடுங்கி, ஒட்டி, காற்றடித்து ஏற்றிவிட்டேன். "விடுங்க அண்ணாச்சி" என்று அவள் கத்தியது பம்பு அடிக்கிற மும்முரத்தில் காதில் ஏறவில்லை. விசில் ஊதினார்கள். வெளியாள் கை பட்டால் நீக்கமாம். அட்டை போயிற்று.

ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் கடைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். இனி கடைக்கு வருகிற பஞ்சரெல்லாம் அவள்தான் ஒட்டுவாளாம். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாலு மாதம் அப்படித்தான். உடைமுள் குத்தி வந்த சைக்கிளெல்லாம் அவள் கையில். மீன் விற்கிற பாண்டித்துரை என்னைப் பார்த்து, "வேலை போயிட்டோ அண்ணாச்சி?" என்றான். கால் மணி நேரம் எடுத்தவள் ஐந்து நிமிடத்துக்கு வந்தாள்.

அடுத்த வருடம் அட்டை வாங்கினாள். துபாய், தாய்லாந்து, துருக்கி என்று போனாள். நாலாவது, ஆறாவது, மறுபடி நாலாவது. மேடையில் இடம் மூன்று பேருக்குத்தான். அவளுக்குச் செலவு பார்க்கும் செருப்புக் கம்பெனி, அடுத்த போட்டியிலும் மேடை ஏறாவிட்டால் அவ்வளவுதான் என்று எழுதிவிட்டது.

போன வருடம் மலேசியாவுக்கு என்னையும் அழைத்துப் போனாள். கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "சைக்கிளு உங்க கால்ல வந்து விழுந்தாலும் தொடக் கூடாது."

நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் இரண்டாவதாக வந்தாள். நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளிச் சக்கரம் இறங்கியது. என்னைத்தான் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டயரைக் கழற்றினாள். அவசரத்திலும் உள்ளே விரலை விட்டுத் தடவி முள்ளைத் தேடி எடுத்தாள். அதை விட்டால் புது டியூபும் போகும். அவள் புது டியூபை மாட்டி, ஓட்டை டியூபைப் பையில் திணித்து, காற்றடித்து முடிக்குமுன் மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள். நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

ஓட்டத்தில் வெயில் கொளுத்தியது. மற்றவர்கள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தள்ளாடினார்கள். உப்பளத்தில் ஓடியவளுக்கு அது என்ன வெயில்? ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் முன்னால் ஆளே இல்லை. முதலாவதாக நாடாவை அறுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்.

வெளியாள் தொடக் கூடாது என்கிற அந்தச் சட்டம் தப்பு என்பதுதான் இன்றும் என் கட்சி.

கழுத்தில் மெடலோடு, முட்டி மடங்காமல் நடந்து சைக்கிளை எடுக்க வந்தாள். பையிலிருந்து அந்த ஓட்டை டியூபை எடுத்து என் கையில் வைத்தாள். போட்டிக்காரர்கள் அதைக் குப்பையில்தான் போடுவார்கள்.

"இப்பத் தொடலாம் அண்ணாச்சி. இதை நீங்களே ஒட்டித் தாங்க. ஊருக்குப் போனதும் ஆலந்தலைக்கு இதுலதான் போவணும்."