கடைசி வரியில் இருந்த குங்குமப்பூ

நான்கு நாள் காய்ச்சலில் என் மனைவி ரீட்டா ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. இன்று காலை, "குங்குமப்பூ சோறுன்னா துன்றேன்யா" என்றாள்.

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போய்க் குங்குமப்பூ வாங்கி வந்தேன். கீழ்வீட்டு நூர்ஜகான் செய்முறையை எழுதிக் கொடுத்தாள். போன மாதம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் கற்றேன். ஒரு வரி படிப்பேன், அதைச் செய்வேன், பிறகு அடுத்த வரி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இடுப்பு, அடுப்படியில் நின்றே விட்டுப்போனது.

சோறு வெந்தபின் கடைசி வரிக்கு வந்தேன். "மறந்துட்டேன் மாமா. முதல்லயே குங்குமப்பூவைச் சூடான பாலில் அரை மணி நேரம் ஊறப் போட்டுடுங்க."

அப்போதுதான் ஊறப் போட்டேன்.

"இன்னாயா, இன்னும் வேவலியா?" ரீட்டா கட்டிலிலிருந்து கேட்டாள்.

"சோறு வெந்துட்ச்சி. பூவுதான் ஊறிக்கினு கீது."

"பட்ச்சவன் கைல மாட்டிக்கினேன்" என்று சிரித்தாள். சிரித்தும் நான்கு நாளாகிறது.

பாலை ஊற்றிக் கிளறியதும் வீடெல்லாம் மணத்தது. ஆறு வாய் சாப்பிட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுதவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்களெல்லாம் முழுவதும் படித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பீர்களா?